பின்வரிசை மாஸ்டர்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சின்ன வயதிலேயே வீட்டில் என்னைக் காலில் சில்லுப் பூட்டினவன் என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்டவனிடம்தான் கிளிநொச்சியில் ஒரு கல்லூரி, பெடியன்களை நிற்கவேண்டிய இடத்தில் நிற்கப் பழக்கும் வேலையைக் கொடுத்தது. உதைபந்தாட்ட அணியின் பின்வரிசைக்கு நான் பயிற்றுநர்.

யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் நான் இடது கரையோரம் ஓடி விளையாடிய முன்வரிசைக்காரன். ஐம்பதுகளின் கடைசியில் ஆசிரியனாகக் கிளிநொச்சிக்குப் போனபோது, முன்வரிசையை மூத்த விளையாட்டு மாஸ்டர் தன் கையில் வைத்திருந்தார். அவர் விடுவாரா? கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீதியால் போவார்கள், பக்கத்தில் அவரும் நடப்பார். கோலைத் தடுத்தவனை யார் தூக்குகிறார்கள்? "நீர் இளம் ஆள், பெக்குகளைப் பாரும்" என்று பின்வரிசையை என்னிடம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பெக் மாஸ்டர்.

அங்கே தங்கும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. அப்போதுதான் கல்யாணம் முடித்திருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் தாயுடன் இருந்தாள். கிளிநொச்சி இருக்கும் வன்னி என்றால் அவளுக்குக் காடு, காய்ச்சல், யானை. "உங்களுக்கு இஞ்சை ஒரு பள்ளிக்கூடத்தில இடம் கிடைக்கட்டும். பிறகு குடும்பம் நடத்துவம்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரக் கோச்சியில் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவேன். மாமி வீட்டில் எனக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி தருவார்கள். கட்டின பெண்சாதியைப் பார்க்க விருந்தாளிபோலப் போய் வருவதில் எனக்குப் பெரிய வெட்கம். திங்கட்கிழமை மைதானத்தில் நிற்பேன், மனம் தண்டவாளத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படி இரண்டு வருடம் போன பிறகு ஒரு வழி திறந்தது. யாழ்ப்பாணத்தில் பெரிய கல்லூரி ஒன்றில் பின்வரிசையைப் பார்த்தவர் ஓய்வு பெறப்போகிறார் என்று கேள்விப்பட்டோம். அந்தக் கல்லூரி அதிபரும் எங்கள் அதிபரும் பழைய சிநேகிதர்கள். எங்கள் அதிபர் என் பெயரைச் சொல்லிவிட்டார். "எங்கட அணியைக் கூட்டிக்கொண்டு ஒருக்கா வாறன். உம்மட பெக்குகளைப் பாத்துப்போட்டு முடிவு சொல்லுறன்" என்று யாழ்ப்பாணத்து அதிபர் எனக்குச் சொல்லி அனுப்பினார். அதாவது அவர்களுடைய முன்வரிசையை என் பெடியன்கள் மறித்தால் எனக்கு வேலை. வேலை கிடைத்தால் எனக்குக் குடும்பம்.

என் பெடியன்கள் குடியேற்றத் திட்டத்துப் பிள்ளைகள். வயலில் எருமை சாய்த்து உரமேறிய கால்கள். வெறுங்காலால் அடித்தால் பந்து அழும். அதிலும் கண்டாவளையிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு நெட்டையன் இருந்தான். அவனைத் தாண்டிப் பந்து போவது அருமை. எல்லாம் இருந்தும் அவர்களிடம் ஒரு வியாதியும் இருந்தது. கால் யார்மேலாவது பட்டுவிட்டால் உடனே குனிந்து அவனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இந்த வழக்கம் யாழ்ப்பாணத்திலும் உண்டுதான். ஆனால் அங்கே பெடியன்கள் அதைச் சட்டையோடு கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்குவார்கள். என் பெக்குகள் பந்தை உதைக்கப் போய் எதிராளியின் முழங்காலை உதைப்பார்கள், பந்தை மறந்து அவனைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அதற்குள் பந்து கோலுக்குள் போய்ச் சுகமாகப் படுத்திருக்கும்.

கத்திப் பார்த்தேன். "வேணுமெண்டு செய்யேல்லை சேர், கை தானாப் போகுது" என்றான் நெட்டையன். அப்படியானால் கையைக் கட்டுகிறேன் பார் என்று, வாழைநாரால் எல்லாருடைய கையையும் பின்னால் கட்டி விளையாட விட்டேன். கை கட்டியிருந்தபோது நெட்டையன், விழுந்தவனுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இந்தக் கதை வீட்டுக்குப் போய், அவனுடைய தாய் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டா. "மாஸ்டர், பந்தடிக்கத்தான் பிள்ளையை விட்டனான். மரியாதையை விடச் சொல்லியோ விட்டனான்?" அதிபரின் கதவருகில் நின்றே அவா கேட்டா.

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். ஆட்டத்தின் நடுவில் கும்பிடக்கூடாது. கடைசி விசில் ஊதிய பிறகு, உதைத்த ஒவ்வொருவனையும் தேடிப்போய்த் தொட்டுக் கும்பிடலாம். தாயும் அதற்குத் தலையாட்டினா. புளியங்குளத்தில் நடந்த ஆட்டமொன்றில் முடிவில் என் பெக்குகள் கைகளை நீட்டிக்கொண்டு வருவதைக் கண்டு, எதிரணிப் பெடியன்கள் அடிக்க வருகிறார்கள் என்று ஓடியே விட்டார்கள். பார்த்தவர்கள் சிரிக்கட்டும், அவர்கள் ஓடட்டும். பந்து உள்ளே போகவில்லை, எனக்கு அது போதும்.

யாழ்ப்பாணத்து அணி வந்த அன்று காலையிலிருந்தே என்னால் சாப்பிட முடியவில்லை. விருந்தாளி அதிபர் மரநிழலில் கதிரையில் இருந்தார். நான் கரையோரம் மேலும் கீழும் நடந்தேன். எங்கள் முன்வரிசை ஒரு கோல் அடித்தது. மூத்த மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு முழுநேரமும் அவர்கள்தான் எங்கள் பக்கம் நின்று இடித்தார்கள். என் பெக்குகள் அசையவில்லை. நெட்டையன் எத்தனையோ பேரின் காலைப் பதம் பார்த்தான். ஒரு தடவைகூடக் குனியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான், யாழ்ப்பாணத்தில் எந்தத் தெருவில் வாடகைக்கு வீடு எடுக்கலாம் என்றுகூட நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போது அவர்களுடைய முன்வரிசைக்காரன் ஒருவன் தடுக்கி விழுந்தான். பந்தைத் தட்டப் போன நெட்டையனின் கால் அவனுடைய முகத்தில் பட்டது. நெட்டையன் நின்றான். குனிந்தான். அந்தப் பெடியனின் கன்னத்தைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றினான். அவர்களில் இன்னொருவன் வந்து அவசரமேயில்லாமல் பந்தைத் தட்டிக் கோலாக்கினான். அதோடு எங்கள் பின்வரிசை குலைந்துபோய், அடுத்த கோலும் விழுந்தது. வெண்ணெய் திரண்டு வரத் தாழி உடைந்தது.

"முகத்தில காலால உதைச்சுப்போட்டு எப்பிடிச் சேர் ஓடுறது?" என்று நெட்டையன் பிறகு கேட்டான். அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: ஓடத்தான் வேண்டும். விருந்தாளி அதிபர் காரில் ஏறும்போது என் தோளில் தட்டினார். "தம்பி, உம்மட பெடியள் நல்ல பெடியள். எங்களுக்கு நல்ல பெக்குகள் எல்லோ வேணும்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கோச்சியில் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரிக்கவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை.

"அப்ப இனி இஞ்சை இடம் கிடையாது?"

"இப்போதைக்குக் கிடையாது."

"கிடையாதெண்டால் காத்துக்கொண்டிருந்து என்ன செய்யிறது? நானே வாறன்."

அப்படித்தான் வந்தாள். அந்த ஆட்டத்தில் வென்றிருந்தால் அவள் வன்னி மண்ணை மிதித்திருக்கவே மாட்டாள். முதல் மாதம் இரவில் எலி ஓடினாலும் யானை என்று எழும்பி இருப்பாள். ஆனால் ஒரு மாரி கழிவதற்குள் வளவில் மிளகாய் நட்டாள், கோழி வளர்த்தாள், நெட்டையனின் தாயோடு சேர்ந்து கோயில் பொங்கலுக்கு யார் யார் என்ன கொண்டுவருவது என்று கட்டளை போடவும் தொடங்கினாள். இரண்டு பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். எனக்குத்தான் தரிப்பில்லை. வருடம் பிறந்தால் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் போடுவேன். அவள் அடுத்த போகத்துக்கு மிளகாய் விதை எடுத்து வைப்பாள்.

அறுபதுகளின் நடுவில், நான் எதிர்பாராத நேரத்தில், அதே யாழ்ப்பாணக் கல்லூரி என்னைக் கூப்பிட்டது. அங்கே புது அதிபர் வந்திருந்தார். முன்வரிசை, பின்வரிசை எல்லாம் உம்முடைய பொறுப்பு என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் சைக்கிளைப் பறக்கவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் வாய்க்காலைத் திருப்பி மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தாள்.

"இடம் கிடைச்சிட்டுது. தையோட போகலாம்."

அவள் மண்வெட்டியை வைக்கவில்லை. "நீங்கள் போங்கோ. நான் உங்களை மறிக்கேல்லை."

"நீர்?"

"நான் வரேல்லை."

கெஞ்சினேன், கோபித்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் எங்கள் அதிபரிடம் போய், யாழ்ப்பாணத்து இடம் எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வருசா வருசம் மாற்றம் கேட்டு என்ர உயிரை எடுத்த ஆள் எல்லோ நீர்? என்ன நடந்தது?"

"வீட்டுக்காரி தன்ர ஊரை விட்டு வெளிக்கிடமாட்டாவாம்."

"அவவின்ர ஊர் யாழ்ப்பாணம் எல்லோ?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தனான்" என்றேன்.