அம்மா தூக்காத கல்

எங்கள் வீட்டில் மாடிப்படி ஒவ்வொன்றிலும் ஒரு கல் இருந்தது. மொட்டைமாடிச் சுவரோரம், மோட்டார் பக்கத்தில், குளியலறை ஜன்னலில் எல்லாம் மீதிக் கற்கள். அத்தனையும் அம்மா மலையிலிருந்து சுமந்து வந்தவை. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் அறிவியல் டீச்சர். ஞாயிறுதோறும் சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் சேலையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கன்னிவாடி பஸ் ஏறிவிடுவாள். மாடு மேய்ப்பவர்களின் தடத்தில் இரண்டு மணி நேரம் மூச்சு வாங்க ஏறினால் ஒரு வறண்ட ஓடை வரும். அவள் கற்கள் அங்கேதான் கிடந்தன.

அப்பாவுக்குப் பெயிண்ட் கடை. மலைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "ஒரு போன் போட்டா லாரிக்காரன் ஜல்லிய வாசல்லயே கொட்டிட்டுப் போறான். இதுக்கு எதுக்கு டீச்சர் மலை ஏறணும்?" என்பார்.

எனக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்த வருடம் அது. அன்றைக்கு அம்மா மெதுவாகத்தான் ஏறினாள். கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தைத் தொடாமல் முழுவதையும் எனக்கே கொடுத்துவிட்டாள். ஓடை வளைவில் நான்தான் முதலில் அந்தக் கல்லைப் பார்த்தேன். வெள்ளைப் பளிங்கு, அதன் ஒரு பக்கம் முழுக்கக் காக்காப்பொன் மீன் செதில் போல அடுக்கடுக்காக மின்னியது. இருவரும் குச்சியால் மண்ணைக் கிளறி அதைப் புரட்டினோம். அம்மா குனிந்து அடியில் கை கொடுத்தாள். அப்படியே செத்த நேரம் இருந்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டாள்.

"வேணாம் பாப்பா. இருக்கட்டும்."

அதைவிடப் பெரிய கல்லைத் தோளில் வைத்து இறங்கியவள் அவள். நான் துண்டில் கட்டித் தூக்கிப் பார்த்தேன். பதினைந்து அடி நகர்ந்திருப்பேன்.

"ஒரு கை பிடிம்மா."

"என்னால ஏலாது. விட்டுட்டு வா."

இறங்கும்வரை அழுதேன். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவிடம் கோள் சொன்னேன்: "சூப்பர் கல்லுப்பா. அம்மா போட்டுட்டு வந்துருச்சு."

அப்பா ஜல்லிக் கதையை எடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "தூக்குனியா?" என்றார்.

"குனிஞ்சேன். தூக்கல."

மறுநாள் காலையில் அப்பா கடையைத் திறக்கவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லி, இடம் காட்ட வண்டியில் ஏற்றிக்கொண்டார். சாதாரணச் செருப்போடு மலை ஏறினார். கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு பத்தடிக்கு ஒருதரம் நின்றார். பாதி வழியில் செருப்பு வார் அறுந்துவிட, மீதியை வெறுங்காலில் இறங்கினார். கீழே வந்து வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். "இம்புட்டுக் கனத்த உங்கம்மா வாராவாரம் எப்பிடித்தான் தூக்கிட்டு வந்தாளோ" என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

வீட்டில் அம்மா நாற்காலியில் இருந்தபடியே இடம் காட்டினாள். அப்பா பிரஷ் வைத்துக் கல்லைக் கழுவினார். அதற்குப் பிறகு அம்மா மலைக்குப் போகவில்லை. அவளுக்குத் தெம்பு போய்விட்டது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். கொஞ்சம் பாவமாகவும், இனி மலை என் பொறுப்பு என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நானும் அம்மாவின் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன்; அதை அங்கேயும் சொன்னேன். அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர்கள் சிரித்தார்கள். ஒருவர் கன்னத்தைக் கிள்ளினார். எதற்கென்று விளங்கவில்லை.

தம்பி பிறந்தபோதும் அந்தக் கல்லையும் அவனையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அன்று ஓடையில் அவளுக்கே உறுதியாகத் தெரியாதாம். நாள் தள்ளியிருந்தது, அவ்வளவுதான். எனக்கும் அவனுக்கும் பத்து வயது வித்தியாசம். இடையில் இரண்டு முறை அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததை வயிற்றுவலி என்றே எனக்குச் சொல்லியிருந்தார்கள். பத்து வருடம் அவள் எதற்குக் காத்திருந்தாள் என்பது தெரியாமல், அன்று அவள் வெறுங்கையோடு மலையிறங்கியதாக நினைத்து வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.