எதிர்மேட்டு ஃபோகஸ் லைட்

எதிர்மேட்டில் விடுதி கட்டியவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வாசலில் ‘நட்சத்திரங்களுக்குக் கீழே தங்குங்கள்’ என்று போர்டு. அதற்கு மேலே நாலு ஃபோகஸ் லைட், வானத்தைப் பார்த்து.

கீழே முள்ளுக்குறிச்சியில் அறிவியல் டீச்சர் வேலை எனக்கு. லீவு நாட்களில் மலைமேல் இருக்கிற வாழவந்தி நாட்டு வீட்டுக்கு ஏறிவந்து மொட்டைமாடியில் தொலைநோக்கியை நிறுத்துவேன். அந்த மாசியில் நான் தேடியது ஒரு குவாசர், எங்கோ தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நடுவில் எரிகிற வெளிச்சப் புள்ளி. பூமி உண்டாவதற்கு முன்பே அங்கிருந்து புறப்பட்ட வெளிச்சம். அதை நிறம் நிறமாகப் பிரித்து, எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் தொலைவு தெரியும். அதை என் வீட்டு மாடியிலிருந்து நானே அளந்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. பத்துப் பத்து நிமிடமாகப் படமெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். வற்றிய ஊற்றில் சொட்டுச் சொட்டாகக் குடம் நிரப்புகிற வேலை. வேறு வெளிச்சம் கலந்தால் அத்தனையும் பாழ்.

அமாவாசையை ஒட்டி மூன்று நாள் லீவு கிடைத்தது. விடுதிக்குப் போய்க் கேட்டேன்.

“இருட்டா இருந்தா கெஸ்ட் பயப்படுவாங்க மேடம்” என்று மேனேஜர் சிரித்தார். விளக்கைக் கீழ்நோக்கியாவது திருப்பச் சொன்னேன். ஓனரிடம் பேசுகிறாராம். பேசிக் கிழித்தார்.

நான் கேட்காமலே அணைத்தவர் பக்கத்து மரவள்ளிக் காட்டு அண்ணன்தான். பன்றிக்குப் பயந்து விடிய விடிய எரியவிடுகிற விளக்கு அவருடையது. “மூணு நாளுதானுங்க கண்ணு. நான் தகரம் தட்டிக்கறேன், நீங்க பாருங்க” என்றார்.

எதிர்மேட்டு விளக்கு அணையவேயில்லை. முதல் நாள் எடுத்த படமெல்லாம் வெளிறிக் கிடந்தது. காலையில் போய்ப் பார்த்தால், அண்ணன் காட்டில் நாலு வரிசைக் கிழங்கைப் பன்றி தோண்டிப் போட்டிருந்தது. அசந்து தூங்கிவிட்டாராம். மிஞ்சியதைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

“கெடைச்சுதுங்களா கண்ணு?”

“இல்லீங்கண்ணா.”

“செரி, இன்னிக்கும் அணைச்சர்றேன். கெடைச்சாலும் கெடைக்குமுங்க.”

எனக்கு அவர் மீதே கோபம் வந்தது. என் மீது அதைவிட அதிகமாக வந்தது. அன்று இருட்டியதும் தொலைநோக்கிக்கு உறையை மாட்டிவிட்டு, அவர் காட்டுக்குப் போய் நானே விளக்குச் சுவிட்சைப் போட்டேன்.

யாரோ தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அதை அணைக்க அவர் ஓடி வந்தார்.