சக்கரத்துக்குப் போட்ட மாலை

இரண்டாவது உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலம். பாகூர் பக்கம் குருவிநத்தத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. கரும்புக்குத் தண்ணீர் இறைக்க என் வீட்டுக்காரர் ஒரு ஆயில் இன்ஜின் வாங்கிப் போட்டிருந்தார். ஊரிலேயே முதல் இன்ஜின். வீட்டில் புது மருமகளான என்னைவிட அதற்குத்தான் மரியாதை அதிகம்.

அதைக் கிளப்புவது லேசான வேலை இல்லை. வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைச் சக்கரத்து அச்சின் முனையில் மாட்டி, கை ஓயச் சுற்ற வேண்டும். வேகம் பிடித்ததும் மேலே இருக்கும் குமிழைத் தட்டிவிட்டால் 'டப் டப்' என்று கிளம்பும். உடனே கைப்பிடி கழன்று கையோடு வந்துவிடும். சில நாள் கிளம்பாமல் எதிர்ப்பக்கமாக உதைக்கும். கட்டைவிரலை வளைத்து இறுக்கிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு போச்சு. அதனால் ஐந்து விரலையும் ஒரே பக்கமாக, கொக்கி மாதிரி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். தோளில் துண்டு கூடாது. ஆற்றுக்கு அக்கரையில் கடலூரிலிருந்து வந்து இன்ஜினைப் பூட்டிய மெக்கானிக் சொன்னது இதெல்லாம். என் வீட்டுக்காரர் ஒன்றைக்கூட மீறமாட்டார். கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கும் மனப்பாடம்.

அந்த வருஷ ஆயுத பூசைக்கு என் மாமியார் இன்ஜினைக் கல்யாணப் பெண்ணாகவே ஆக்கிவிட்டார். உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம். அச்சு முனையில் கெட்டியாக ஒரு சாமந்தி மாலை. மறுநாள் காலை நல்ல நேரத்தில் ஓட்ட வேண்டும். வீட்டுக்காரர் மாலையைக் கழற்றப் போனதும் சண்டை பிடித்துக்கொண்டது.

"போட்ட மாலைய இன்னாத்துக்குடா கழட்டுற? ஒரு சுத்து ஓடட்டும், அப்பால எடு."

"எம்மா, இது மிஷினும்மா. நாரு சிக்கிக்கும்."

"நேத்து கும்புட்டப்ப சாமி, இன்னிக்கு மிஷினா? ராவுகாலம் வந்துடும், சுத்துடா!"

பெற்றவளிடம் வாதாடி ஜெயித்த பிள்ளை உண்டா? மாலையை உள்பக்கமாக ஒதுக்கித் தள்ளினார். கைப்பிடியில் இருந்த சந்தனத்தைத் துடைத்தார். சுற்ற ஆரம்பித்தார். மாமியார் இன்ஜின் கொட்டகை வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

இன்ஜின் கிளம்பியது. கைப்பிடி மட்டும் கழலவில்லை. மாலையின் வாழைநார் அச்சோடு அதையும் சேர்த்துச் சுற்றி இறுக்கிவிட்டது. விரல்களை ஒரே பக்கமாக வைத்திருந்ததால் கை எப்படியோ தப்பி வெளியே வந்தது. அவர் தடுமாறிப் பின்சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டார். கொட்டகையோ குறுகல். வெளியே வர வேண்டுமானால் பேயாய்ச் சுழலும் அந்த இரும்பைத் தாண்டித்தான் வர வேண்டும். நார் அறுந்தால் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்குத் தெரியும்?

"எயுந்திரிக்காத! அப்பிடியே இரு!" என்று கத்தினேன். அவரை அதுவரை நான் ஒருமையில் பேசியதே இல்லை.

இன்ஜினுக்கு ஊற்றும் குருடாயில் எண்ணெய்த் தொட்டி வாசல் ஓரத்துச் சுவரில் இருந்தது. அதன் குழாயைத் திருகி மூடினால் இன்ஜின் நின்றுவிடும். வழியில் மாமியார் மலைத்துப்போய் நின்றார். யோசிக்க நேரமில்லை. இரண்டு கையாலும் அவரைத் தள்ளினேன். வாய்க்கால் சேற்றில் போய் விழுந்தார். நான் சுவரோடு ஒட்டிக் கையை நீட்டிக் குழாயை மூடினேன்.

"அடிப்பாவி, என்னியே தள்ளிட்டியாடி!" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை. இன்ஜின் இரண்டு தரம் விக்கியது. நார் அறுந்தது. கைப்பிடி வாசல் வழியாகப் பறந்து எதிர் வரப்பில் பாதி புதைந்து நின்றது. சற்றுமுன் மாமியார் நின்றிருந்த இடத்தின் வழியாகத்தான் அது போயிருக்க வேண்டும்.

சத்தம் அடங்கியதும் நான் ஓவென்று அழுதேன். வீட்டுக்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் சேலையை அலசிக் கட்டிக்கொண்டு வந்தார். அரிவாளை எடுத்து அச்சில் சுற்றியிருந்த நாரை அறுத்து எடுக்க ஆரம்பித்தார். தள்ளியதற்கு ராத்திரி ஏச்சு இருக்கும் என்று பயந்தேன். சாப்பிடும்போது எனக்கு ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக விழுந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வருஷமும் மாலை போட்டார். மறுநாள் காலை என் வீட்டுக்காரர் கொட்டகைக்குள் போகும் முன்பே மாமியாரே அதைக் கழற்றி வாசல் நிலையில் மாட்டினார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி பாக்கற? சாமி எங்க வோணா இருக்கும். எம்புள்ளைக்குக் கை ரெண்டுதான்" என்றார்.

இப்போது எங்கள் சவுக்குத் தோப்பில் கயிற்றைச் சுண்டிக் கிளப்பும் மிஷின் ரம்பத்தால் மரம் அறுக்கிறார்கள். அதற்கும் பூசை உண்டு, பூவும் உண்டு. கயிற்றில் யாராவது கை வைக்கும் முன் நான் போய்ப் பூவை எடுத்துவிடுவேன். கிழவிக்குப் பக்தி போய்விட்டது என்று சிரிக்கிறார்கள். போட்ட மாலையைக் கழற்றி வைத்தால்தான் அந்தப் பூசையே முடிகிறது என்று நான் இன்றுவரை நம்புகிறேன்.