ஏழு ஆரஞ்சுச் சட்டைகள்

ஆரஞ்சு நிறத் துணியைக் கண்டால் தையல்கார அத்தைக்கு இன்றைக்கும் கத்தரிக்கோல் பிடித்த கை ஒரு நொடி நின்றுவிடும். அளவைத்தான் யோசிக்கிறாள் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் நினைப்போ அலையில் கிடக்கும்.

அப்போதெல்லாம் பள்ளி விடுமுறை விட்டதும் அத்தை பத்து நாள் கடையைச் சாத்திவிடுவாள். தம்பிகள் இருவரும் சேர்ந்து கடற்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். இரண்டே அறை, பாயில் மணல், தலையணையில் மணல், குளியலறைக் குழாயில் நூல் மாதிரித் தண்ணீர். ஆனாலும் அந்தப் பத்து நாளுக்காகத்தான் அத்தை மீதி வருடத்தை ஓட்டினாள் என்று சொன்னால் மிகையில்லை. தம்பிகளுக்கு மொத்தம் ஏழு பிள்ளைகள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாரும் பேசியதில்லை, அவளும் பேச இடம் கொடுத்ததில்லை. மதியம் பெரியவர்கள் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும்போது, ஏழு பேரையும் கடலுக்குக் கூட்டிப்போவது அவள் பொறுப்பு.

நீச்சலா? மூச்! கணுக்கால் நனைந்தாலே இரண்டடி பின்னால் வருகிற ஆள். ஆனால் கண் மட்டும் ஊசிக் கண். ஒரு வருடம், ஏதோ விளையாட்டுக் குழு சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு, நிறம் கண்ணைக் குத்துகிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்த ஆரஞ்சுத் துணியில் அத்தை ஏழு சட்டை தைத்தாள்.

"என்னக்கா, பிள்ளைங்களா, ரோடு போடற ஆளுங்களா?" என்று சின்னத் தம்பி கேலி செய்தான்.

"சிரிடா, சிரி. எவ்வளவு கூட்டமா இருந்தாலும் ஒரே பார்வைல எண்ணிடுவேன்."

பிள்ளைகள் வளர வளர மடிப்பைப் பிரித்துவிட்டு, மூன்று வருடம் எண்ணினாள். நாலாவது வருடம், சின்னத் தம்பியின் கடைக்குட்டிக்கு ஆறு வயது. துறுதுறுவென்று ஓடுவதால் எல்லோருக்கும் அவள் சுண்டெலி. அன்று அத்தை ஈர மணலுக்குச் சற்றுத் தள்ளி, செருப்புக் குவியலுக்குக் காவலாக உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நாலு தையலுக்கு ஒரு முறை தலை நிமிரும். ஏழு ஆரஞ்சு. மறுபடி தையல்.

திடீரென்று பக்கத்துக் குடையிலிருந்து ஒரு பெண் வீறிட்டுக்கொண்டு, உடுத்திய துணியோடு அலைக்குள் ஓடினாள். நுரைக்குள் ஒரு நீலக் கவுன் புரண்டுகொண்டிருந்தது. அத்தை தையலைக் கீழே போட்டாள். சட்டென்று எண்ணினாள். ஏழு! அப்பாடா, நம்ம பிள்ளைகள் பத்திரம். 'பாவம், யார் பெத்த பிள்ளையோ' என்று நினைத்தாள். அந்த நினைப்புக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

அந்தப் பெண் நீலக் கவுனைத் தூக்கிவந்து மணலில் புரட்டிப் போட்டாள். முகத்தைப் பார்த்ததும் அலறினாள். "ஐயோ, இது என் பொண்ணு இல்ல! என் பொண்ணு எங்க?"

"அம்மா!" என்று ஓர் ஆரஞ்சுச் சட்டை அவளிடம் ஓடியது.

சற்று முன்புதான், கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால், இரண்டு குட்டிகளும் ஆசைப்பட்டு உடுப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மணலில் கிடந்தது சுண்டெலி. இரண்டு வாய் உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு அவள் ஓவென்று அழுதபோதுதான் அத்தைக்கு மூச்சு வந்தது.

மறைத்திருக்கலாம். பிள்ளைகள் அடிக்குப் பயந்து வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும், சுண்டெலியின் அம்மாவிடம் அத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஈ பறந்தாலும் நாலு வார்த்தை பேசுகிற தம்பி மனைவி, அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் அத்தை. இனி பிள்ளைகளைத் தன்னிடம் விட மாட்டார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் பையை மூடிக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி சுண்டெலியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க அண்ணி?"

"ஊருக்கும்மா. இனிமே என்னை நம்பி..."

"நம்பித்தான் விட்டேன். ராத்திரி முழுக்க உங்க மேல கோவம், ஒரு பொட்டுத் தூக்கமில்ல. அப்புறம் யோசிச்சேன். நாங்க நாலு பேர் தூங்கிட்டிருந்தோமே, அது என்ன கணக்கு? இன்னைல இருந்து நானும் வரேன். கரைல உக்காந்து எண்ணறதெல்லாம் வேண்டாம். ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள நிப்போம். கை நீட்டினா பிள்ளை எட்டணும்."

"எனக்குத் தண்ணின்னா பயம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். வாங்க." அவள் சுண்டெலியின் கையை எடுத்து அத்தையின் கைக்குள் வைத்தாள். "பிடிங்க உங்க பிள்ளைய."

அதுவரை அந்த வீட்டில் அப்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை. அத்தை பையை அப்படியே போட்டுவிட்டு, கண்ணைத் துடைக்கக்கூட மறந்து, அந்தச் சின்னக் கையோடு இடுப்பளவு கடலுக்குள் இறங்கினாள்.