படகுக்குப் பின்னால் நீந்திய ஜிம்மி

போன வருடம் சித்திரை விடுமுறையில் நடந்தது இது. முருங்கனுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து அரிப்பு என்கிற ஊரின் கடற்கரைக்கு, கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்கப் புறப்பட்டோம். நான், பத்து வயது மகள், என் தம்பி, கூடவே எங்கள் நாய் ஜிம்மி.

எங்கள் நாய் என்று சொன்னாலும், உண்மையில் அவன் என் கணவருடைய நாய். வயல் வரம்பில் அவருக்கு முன்னால் நடப்பான். அவர் ட்ரக்டரில் ஏறினால் அவனும் ஏறுவான். டீசலும் வயலுக்குப் போடுகிற பசளையும் கிடைக்காமல் இரண்டு போகம் பாழாய்ப் போன பிறகு என் கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். போகும்போது மகளிடம், "அப்பா வந்த உடன ஒரு டென்ட் வாங்கி, ஜிம்மியையும் கூட்டிக்கொண்டு கடற்கரையில போய்ப் படுப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருடமாக அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் தம்பி யாரிடமோ ஒரு நீலக் கூடாரத்தை இரவல் வாங்கி வந்தான். "அத்தான் வந்தாப் பிறகு இன்னொருக்காப் போகலாம். இப்ப நாங்கள் போவம் அக்கா" என்றான்.

வழியில் தம்பியின் ஓட்டோவுக்குள் ஜிம்மி இரண்டு தரம், தின்றதையெல்லாம் சத்தி எடுத்தான். ஆனால் கடலைக் கண்டதும் அவனைப் பிடிக்க முடியவில்லை. அலையைப் பார்த்துக் குரைத்தான். தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டுத் தும்மினான். மணலில் கூடாரத்தின் முளைகள் நிற்கவில்லை, பைகளில் மணலை நிரப்பி இழுத்துக் கட்டினோம். கட்டி முடித்ததும் முதல் ஆளாக உள்ளே போய் நீட்டி நிமிர்ந்து படுத்தவன் அவன்தான். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நான்கு பேர் படுக்கிற கூடாரம் அது. பாயை விரிக்கும்போது, அவர் இருந்தால் எந்தப் பக்கம் படுத்திருப்பார் என்ற நினைப்பு வந்தது. சட்டென்று எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். "எப்பிடி இருக்கிறியள்?" என்று என் கணவர் ஒவ்வொரு நாளும் ஃபோனில் கேட்பார். "எல்லாரும் நல்லா இருக்கிறம், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று நானும் ஒவ்வொரு நாளும் சொல்வேன். மகள் பள்ளிக்கூடத்தில் அழுததையும், ஜிம்மி முதல் மாதம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்ததையும் நான் சொன்னதே இல்லை. எனக்கு அவரைத் தேடுகிறது, அவர் இல்லாமல் ஏங்கிப் போகிறேன் என்றும் சொன்னதில்லை. அந்த வெயிலில் நின்று வேலை செய்கிற மனிதருக்கு நாங்களும் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை. பின்னேரம் நான்கு மணிபோல வீடியோவில் அழைத்தார். மகள் கடலைக் காட்டினாள், கூடாரத்தைக் காட்டினாள். "ஜிம்மி எங்க?" என்று கேட்டார். வழக்கமாகக் கைபேசியில் அவர் முகத்தைக் காட்டினால் ஜிம்மி மணந்து பார்த்துவிட்டு அப்பால் போய்விடுவான். படத்தில் என்ன மணம் இருக்கப் போகிறது? அதனால் அன்றைக்கு அவர், வயலில் அவனைக் கூப்பிடும் அதே விசிலை அடித்தார். இரண்டு சின்னது, ஒன்று நீளம்.

ஜிம்மி துள்ளி எழுந்தான். கைபேசியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தான். வலை போடப் புறப்பட்ட படகொன்று கரைக்குக் கிட்டவாகப் போய்க்கொண்டிருந்தது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார். மெலிந்த உயரமான ஆள், தலையில் துவாய் கட்டியிருந்தார். தூரத்திலிருந்து பார்க்க, என் கணவர் வயலில் நிற்பது போலவே எனக்கும் ஒரு கணம் தெரிந்தது.

"ஜிம்மி!" என்று மகள் கத்துவதற்குள் அவன் தண்ணீரில் பாய்ந்துவிட்டான்.

கைபேசியை மணலில் போட்டுவிட்டு ஓடினேன். வயலுக்குள் வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. நெஞ்சளவு தண்ணீரில் நின்று பெயரைச் சொல்லிக் கத்தினேன். படகுக்காரருக்கு இயந்திரச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. படகு தூரப் போகப் போக இவனும் பின்னால் போனான். தலை மட்டும் ஒரு சிரட்டை போலத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. தம்பி தன் சேர்ட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். மகள் கரையில் நின்று, "அம்மா, ஜிம்மியக் கூப்பிடுங்கோ, கூப்பிடுங்கோ" என்று அழுதாள். நான் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எதற்கோ திரும்பியபோது அந்த மனிதர் சேர்ட்டைக் கண்டிருக்க வேண்டும். படகு ஒரு வட்டம் அடித்து நின்றது. அவர் குனிந்து எதையோ தூக்குவதைப் பார்த்த பிறகுதான் நான் கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்தேன்.

வலை போடும் வேலையை விட்டுவிட்டு அவர் கரைக்கே வந்தார். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் என் கணவரின் சாயல் துளியும் இல்லை. ஜிம்மியை ஒரு குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"களைச்சுப் போனான், வேற ஒண்டுமில்லை" என்றவர், ஜிம்மியை என் மடியில் கிடத்திவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இவன் ஆரையோ தேடி வந்தவன். படகுக்குள்ள ஏத்தின உடன என்ர காலையும் கையையும் மணந்து பாத்தான். பிறகு முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு படுத்திட்டான்."

தம்பிதான் விஷயத்தைச் சொன்னான். அவர் தலையில் இருந்த துவாயை அவிழ்த்து ஜிம்மியைத் துடைத்தார். "அப்ப அந்த மனிசன் இன்னும் ஃபோனில நிக்கிறாரோ? முதல்ல அவரோட கதையுங்கோ" என்று அதட்டினார். நாங்கள் நன்றி சொல்வதற்குள் படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

கைபேசி மணலில் மல்லாந்து கிடந்தது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. அத்தனை நேரமும் என் கணவர் அங்கே வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, எங்கள் அலறலைக் கேட்டபடி இருந்திருக்கிறார். எடுத்துப் பார்த்தேன். கண்கள் சிவந்திருந்தன.

"நான் விசில் அடிச்சிருக்கக் கூடாது" என்றார்.

வழக்கமான பதில் வாய்வரை வந்தது. ஆனால் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு மடியில் கிடந்தவனைப் பார்த்தபோது அந்தப் பொய் வெளியே வரவில்லை. "இஞ்சருங்கோ, எங்களுக்கு உங்களைத் தேடுது. ஜிம்மிக்கு மட்டுமில்லை, எனக்கும் சரியாத் தேடுது" என்றேன்.

"இன்னும் ரெண்டு வருசம் இஞ்ச வேலை செய்யிறதுக்குக் கையெழுத்து வைக்கிறதா இருந்தனான். நீங்கள் எல்லாரும் சமாளிச்சிட்டியள் எண்டுதான் நினைச்சனான்" என்றார். அந்தச் செய்தி எனக்கு அதுவரை தெரியாது.

அவர் இரண்டு வருடத்தை ஒரு வருடமாகக் குறைத்துக்கொண்டார். அந்த ஒரு வருடம் தொடங்குவதற்கு முன் கேட்டு வாங்கிய லீவில், அதே வருடம் ஆடி மாதம் ஊருக்கு வந்தார். அந்த மாதம் முழுவதும் அவர் வாசலைத் தாண்டினால் ஜிம்மியும் தாண்டினான். திரும்பிப் போன அன்று சந்திவரை ஓடிப்போய், பஸ் போன திசையைப் பார்த்தபடி பொழுதுபடும்வரை அங்கேயே படுத்திருந்தான்.

அவர் வருவதற்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. இப்போதெல்லாம் அவர் கேட்டால், "இண்டைக்குத் தேடுது" என்றோ "இண்டைக்குப் பரவாயில்லை" என்றோ உள்ளதைச் சொல்கிறேன். நீந்தத் தெரியாத நான் கரையில் நின்றே இரண்டு வருடம் மறைத்து வைத்த ஏக்கத்தை, ஒரு வாயில்லாச் சீவன் கடலில் பாய்ந்து ஊரறியச் சொல்லிவிட்டது.