எனக்கு நானே எழுதிய சிபாரிசுக் கடிதம்

நாலு வருடங்களுக்கு முன் நடந்தது. திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில், லாரிகளில் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு நாகல் நகரில். போக வர மில் பஸ்ஸில் கணக்குப் போட்டுத்தான் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படித்தேன். முதல் தடவை ஊத்திக்கொண்டது. இரண்டாவது தடவை, ஒரே ஒரு நல்ல கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு. இதுவும் போனால் படிப்புப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கல்லூரி மேலதிகாரியின் சிபாரிசுக் கடிதம் கேட்டது. எங்கள் மேனேஜரிடம் போய் நின்றேன்.

"எனக்கு ஏதும்மா நேரம்? நீயே எழுதிக் குடுத்துரு, நான் அனுப்பி விட்டுர்றேன்" என்றார். எல்லா ஆபீஸிலும் நடப்பதுதானே!

எழுதினேன் பாருங்கள்! நேர்மை, தலைமைப் பண்பு, இத்தனை வருடத்தில் ஒரு தவறுகூட இல்லை... ஒரு பக்கம் போதவில்லை. அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"யாருடி இவ, இம்புட்டு நல்ல பிள்ள? நம்ம வீட்லயா இருக்கா?" என்று சிரித்தாள்.

மேனேஜர் படித்துவிட்டு "சரிம்மா" என்றதோடு சரி. கடிதம் அவரிடமிருந்து நேரே கல்லூரிக்குப் போய்விடும். நம் கண்ணுக்கு வராது.

சென்னையில் நேர்முகத் தேர்வு. எதிரே மூன்று பேர். வேலையில் நீங்கள் செய்த பெரிய தவறு எது என்று கேட்டார்கள். கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டுமே! அப்படி எதுவும் இல்லை என்றேன், கூசாமல். நடுவில் இருந்த அம்மையார் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அப்படியா? கரூர் போன லாரியைப் பற்றி உங்கள் மேனேஜர் எழுதியிருக்கிறாரே?"

அந்த லாரியா! நாற்பதாம் நம்பர் நூல் போக வேண்டிய லாரியில், அதைவிட மெலிசான அறுபதாம் நம்பர் நூல் மூட்டைகளை ஏற்றி அனுப்பியிருந்தேன். லாரி கிளம்பிய பிறகுதான் கவனித்தேன். அழுதுகொண்டே ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன். பாதி வழியில் லாரியைத் திருப்ப வைத்தார். அதைப் போய் எழுதிவிட்டாரே, பாவி மனுஷன்! சீட்டு போச்சு என்றே நினைத்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? இப்போது சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு, நடந்ததை அப்படியே சொன்னேன். எப்படித் தெரிந்தது, அதன் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று மூவரும் மாறி மாறிக் கேட்டார்கள். இப்போதெல்லாம் லாரி கிளம்பும் முன் நானே ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிடுகிறேன் என்றேன்.

சீட்டுக் கிடைத்துவிட்டது! ஸ்வீட் பாக்ஸோடு மேனேஜரிடம் போனேன். சந்தோஷத்துக்கு நடுவே கோபமும் இருந்தது.

"நான் எழுதிக் குடுத்தத ஏன் சார் அனுப்பல?"

"நீ எழுதுன பிள்ளைய எனக்குத் தெரியாதேம்மா. தப்புப் பண்ணிட்டேன்னு அழுதுக்கிட்டே ஓடியாந்துச்சே ஒரு பிள்ள, அதத்தான் தெரியும். அதப் பத்தி எழுதுனேன்."

வேறு என்ன எழுதினீர்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன், காட்டவே இல்லை. படித்து முடித்து வேறு வேலைக்கும் வந்துவிட்டேன். என்னைப் பற்றி நானே எழுதிக்கொண்டவை கம்ப்யூட்டரில் எத்தனையோ கிடக்கின்றன. என்னைத் தெரிந்த ஒருவர் எழுதியது அந்த ஒன்றுதான், அதைப் படிக்கத்தான் இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.