நாற்பத்தேழு பேரும் ஆறு டிக்கெட்டும்

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஸ்டேஷனில் ஒரு காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார், போர்ட்டர் இருந்தார், தண்ணீர்க் குழாய்கூட இருந்தது. முன்னேற்றம் வந்து மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது சிமெண்ட் பெஞ்சு இரண்டு, அதில் உட்காரத் தக்கது ஒன்று. விளக்கு நான்கு, அதில் எரிவது ஒன்று. டிக்கெட் விற்பவர் ரயில்வே ஊழியர் அல்ல, கமிஷன் ஏஜெண்ட். அட்டை டிக்கெட்டில் தேதி முத்திரை குத்தித் தருவார்.

காலை வண்டி ஒரு நிமிடம் நிற்கும். அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் என் மனைவி வாரம் இரண்டு நாள் என்னோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்துகொள்ளப் போகிறாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக அவளால் ஆகாது.

போன மாதம் ஓர் அதிகாரி வந்தார். தினம் ஆறு டிக்கெட்தான் விற்கிறதாம், இங்கே வண்டியை நிறுத்துவது வீணாம்.

"நாப்பத்தேழு பேர் ஏறுறாங்க சார். தெனம் எண்ணிக்கினு இருக்கேன்."

"அப்ப மீதி நாப்பத்தொரு பேர் யாரு பெரியவரே?"

நாங்கள்தான். ஏஜெண்டிடம் மாத பாஸ் கிடையாது என்பதால் எல்லாரும் காஞ்சிபுரத்தில், காஞ்சிபுரத்திலிருந்தே ஏறுவதாக பாஸ் எடுத்திருந்தோம். எங்கள் தலைகளைப் பல வருடங்களாகப் பக்கத்து ஸ்டேஷனுக்கு இலவசமாகத் தாரை வார்த்திருக்கிறோம்.

அதிகாரி ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். ஊர் கூடியது. பாஸ் இருந்தாலும் ஆளுக்கொரு டிக்கெட் இங்கே வாங்காமல் யாரும் ஏறக் கூடாது என்று தீர்மானம். அந்த அறிவு முத்தைத் தாளில் எழுதியவன் நான்.

முதல் நாள் காலை, மனைவிக்கும் சேர்த்து டிக்கெட் வாங்க வரிசையின் பின்பகுதியில் நின்றேன். வண்டி வந்தது. அவளைப் பக்கத்து வீட்டு அம்மா ஏற்றிவிட்டாள்.

"சீக்கிரம் குத்துபா!"

"எனக்கு இன்னா பத்து கையா இருக்குது பெரியவரே?"

தீர்மானம் தீர்மானம்தான். டிக்கெட் கைக்கு வராத ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை. வண்டி ஊதியது.

"பாஸு ரெண்டும் உங்க பையிலதான இருக்குது! அங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" ஜன்னலில் மனைவியின் குரல் நகர்ந்துகொண்டே போனது.

விற்ற டிக்கெட் நாற்பத்தேழு, ஸ்டேஷன் வரலாற்றிலேயே அதிகம். ஏறியவர்கள் இருபத்தெட்டு.

பஸ் பிடித்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் கையில் ஊசி ஏறி, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"டிக்கெட்டு கெடச்சிதா?"

"ரெண்டு."

"அப்ப வண்டி நிக்கும்," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.